பழைய காரில் நெடும்பயணம் வீண்வேலையா?

எண்பது, தொண்ணூறு வயதான மோட்டார் காரை எடுத்துக்கொண்டு நாடு விட்டு நாடும், கண்டம் விட்டுக் கண்டமும் செல்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். விமானம் இருக்கிறது, விரைவு ரயில் இருக்கிறது, சொகுசான புதுக் கார்களும் இருக்கின்றன. இவ்வளவையும் விட்டுவிட்டு, ஏற்றத்துக்கு ஏற்றம் நின்று மூச்சு வாங்கும் ஒரு கிழ வண்டியோடு மல்லுக்கட்டுவானேன் என்று கேட்போர் பலர். "காசு கொழுத்தவர்களின் விளையாட்டு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோரும் உண்டு. பள்ளி இறுதி வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கருத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. அதிலே உண்மை சிறிதும் இல்லை என்று வாதாடவும் வரவில்லை. ஆனால் அப்பயணங்களுள் சிலவற்றை ஊன்றிப் படித்தபோது, பெண் பிள்ளைகளாகிய நமக்கும் நம் பெற்றோருக்கும் அவற்றில் ஒரு செய்தி இருப்பதாகப் பட்டது. அதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வாகன ஓட்டிகளுக்குப் பாதுகாவலர் யார் என்று கேட்டால், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த புனித கிறிஸ்தோபரையே நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். ஆனால் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1925ஆம் ஆண்டில் மோட்டார் ஓட்டுவோருக்குப் பாதுகாவலியாக உரோமாபுரியின் புனித பிரான்செஸ்காவை ஏற்படுத்தினார். இரவில் அவர் நடந்து செல்கையில் காவல் தூதர் விளக்கேந்தி வழி காட்டினார் என்பது மரபு. கணவனும் மக்களும் உள்ள குடும்பத் தலைவி அவர். ஏழைகளையும் நோயாளிகளையும் தேடித் தெருத் தெருவாக நடந்தவர். மோட்டார் ஓட்டுவோரைத் திருச்சபை அத்தகைய ஒரு தாயின் கையில் ஒப்படைத்திருக்கிறது! கார் என்றதுமே "அது ஆம்பிளைகள் சமாசாரம்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டல்லவா? அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். 1909ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் மழையில் நனைந்துகொண்டே நியூயார்க் நகரிலிருந்து ஒரு பச்சை நிற மாக்ஸ்வெல் கார் புறப்பட்டது. ஓட்டியவர் ஆலிஸ் ராம்ஸி. வயது 22. வீட்டில் இரண்டு வயது ஆண் குழந்தை. உடன் சென்றவர்கள் அவருடைய நாத்தனார்மார் இருவரும், பருவ வயதுத் தோழி ஒருத்தியும். அம்மூவரில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே அமெரிக்காவின் கீழைக் கரையிலிருந்து மேலைக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ வரை ஏறக்குறைய 3,800 மைல் தூரத்தையும் ஆலிஸ் ஒருவரே ஓட்ட வேண்டியிருந்தது. 59 நாட்களில் ஓட்டி முடித்தார். அமெரிக்காவைக் குறுக்கே கடந்து கார் ஓட்டிய முதல் பெண் அவர்தாம்.

அக்காலத்துக் காரை ஓட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்பதைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். சாவி திருகினால் கிளம்பும் வண்டியன்று அது. முன்புறத்தில் ஹாண்டிலைச் செருகிக் கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை ஒரு சிறு நெம்புகோலால் தாமதப்படுத்தி வைத்துவிட்டே சுற்ற வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அப்படி மணிக்கட்டு முறிந்தவர்கள் அந்நாளில் எத்தனையோ பேர். கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பதுதான் ஓட்டுநர் பயிலும் முதற்பாடம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்து, நனைந்த அளவைக் கொண்டு கணக்கிட வேண்டும். நம் பௌதிகப் புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறித்து மதிப்பெண் வாங்கும் சங்கதிகள் எல்லாம் அங்கே கையிலும் காலிலும் வந்து நிற்கின்றன.

சாலையோ அதைவிட மோசம். கல்லோ தாரோ போட்ட பாதை மொத்த தூரத்தில் நூற்றைம்பது மைல் அளவுக்குத்தான் இருந்ததாம். அயோவா மாநிலத்தின் சேற்றைக் கடக்க மட்டும் 13 நாட்கள் பிடித்தன. பயணம் முழுவதிலும் ஆலிஸ் 11 முறை டயர் மாற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். பிரேக் மிதி உடைந்தபோது அதையும் சரிசெய்தார். வயோமிங்கில் ஓரிடத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லாமல், அனுமதி பெற்று ரயில் பாலத்தின் மேலேயே கட்டைக்குக் கட்டை குலுங்கிக் குலுங்கி வண்டியை ஓட்டிச் சென்றார்கள்.

வழி கண்டுபிடிப்பதும் ஒரு வேடிக்கை. மோட்டார்காரர்களுக்கென்று அச்சிட்ட வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. மஞ்சள் நிற வீடு வந்ததும் இடப்பக்கம் திரும்புக என்று அதில் போட்டிருந்த ஓரிடத்தில், எவ்வளவு தேடியும் மஞ்சள் வீடு அகப்படவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: மோட்டார் வண்டிகளையே பிடிக்காத அந்த வீட்டுக்காரர், வருகிறவர்கள் வழி தப்பிப் போகட்டுமென்று வீட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்துவிட்டார்! மிஸிஸிப்பி நதிக்கு மேற்கே அந்தப் புத்தகமும் இல்லை. அங்கே சாலை பிரியுமிடங்களில் தந்திக் கம்பங்களை அண்ணாந்து பார்த்து, எந்தப் பக்கம் கம்பிகள் அதிகமாகப் போகின்றனவோ அந்தப் பக்கமே பெரிய ஊர் இருக்கும் என்று ஊகித்து வண்டியைத் திருப்பினார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒருநாள் ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. அருகே சாலையோரப் பள்ளத்தில் மட்டுமே தண்ணீர், மொண்டு வரப் பாத்திரமில்லை. நாத்தனார்மார் தங்கள் கைப்பெட்டிகளைத் திறந்தார்கள். பல்துலக்கும் பிரஷை வைப்பதற்கென்று அழகான கண்ணாடிக் கூடுகள் அதற்குள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கும் வண்டிக்குமாக நடையாய் நடந்து ரேடியேட்டரை நிரப்பினார்கள். காரைப் பற்றி ஒன்றும் அறியாத இரண்டு நாகரிகச் சீமாட்டிகள்! வேலை என்று வந்தபோது அவர்களும் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு ஆலிஸை வானளாவப் புகழ்வது எங்கள் நோக்கமன்று. வண்டியைக் கொடுத்தது கார் கம்பெனி. பெண்ணொருத்தியே ஓட்டிப் போனாள் என்றால் வண்டி எவ்வளவு உறுதியானது பாருங்கள் என்று விளம்பரம் செய்துகொள்ளும் வியாபாரக் கணக்கு அதில் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் பெண்ணுக்குப் பெருமை ஒன்றுமில்லை. கம்பெனி சார்பில் ஒருவர் ரயிலில் முன்னே சென்று ஏற்பாடுகளைக் கவனித்தார். பெரிய பழுதுகளுக்கு மெக்கானிக்குகள் வந்து உதவினார்கள், சேற்றில் புதைந்தபோது குதிரைகளும் இழுத்தன. இவ்வளவும் உண்மையே. ஆயினும் நடுவழியில் வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிப் பார்த்தது யார் கண்? முதலில் கரியானது யார் கை?

ஆலிஸ் ஓட்டியபோது அந்தக் கார் புதிது. மாக்ஸ்வெல் கம்பெனியோ 1925இல் கிரைஸ்லர் கம்பெனிக்குள் மறைந்தது. பிறகு 2009ஆம் ஆண்டில், அப்பயணத்தின் நூற்றாண்டு நினைவாக, மற்றொரு அமெரிக்கப் பெண் அதே 1909ஆம் ஆண்டு மாக்ஸ்வெல் கார் ஒன்றில் அதே இரு நகரங்களுக்கிடையே ஓட்டிச் சென்றார். இப்போது சாலை வழவழப்பானது, வண்டிதான் நூறு வயதுக் கிழவி. வீண்வேலை என்போர் இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். நாங்கள் அப்படிக் கருதவில்லை. சரித்திரப் பாடத்தில் ஆண்டும் பெயரும் படிக்கிறோம், பரீட்சை முடிந்ததும் இரண்டும் போய்விடுகின்றன. ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் வலித்தவளுக்கு 1909 என்பது பரீட்சைக்குரிய எண்ணாக இராது. நம் பாட்டியின் அம்மியில் ஒருநாள் மிளகாய் அரைத்துப் பார்த்தால் பாட்டியின் காலம் எப்படிப் புரியுமோ, அப்படித்தான் இதுவும்.

இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். இருவரும் ஜெர்மானியப் பெண்கள். முதல்வர் கிளாரெனோர ஸ்டின்னெஸ். பெரும் தொழிலதிபரின் மகள், தந்தையிடமே தொழில் பழகியவர். 1924இல் தந்தை மறைந்தபின் அக்குடும்பத் தொழிலில் சகோதரர்களுக்குத்தான் இடம் என்றாயிற்று. அவர் கார்ப் பந்தயங்களில் இறங்கினார். 1927 மே 25ஆம் நாள், 26ஆம் வயதில், ஆட்லர் என்னும் ஜெர்மன் காரில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். துணைக்கு ஒரு லாரி, மெக்கானிக்குகள் இருவர், படம் பிடிக்க சுவீடன் நாட்டுக்காரர் ஒருவர். மெக்கானிக்குகள் பாதி வழிகூட வரவில்லை, விலகிவிட்டனர். சைபீரியாவில் பைக்கால் ஏரி உறையும் வரை காத்திருந்து பனிக்கட்டியின் மேல் காரை ஓட்டினார். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பாதையே இல்லாத இடங்களில் வண்டியை ஆட்களைக் கொண்டு இழுத்தேற்ற வேண்டியிருந்தது. இரண்டாண்டு கழித்து, 1929 ஜூன் மாதம், 46,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிவிட்டுப் பெர்லின் நகருக்குத் திரும்பினார். காரில் உலகைச் சுற்றிய முதல் பெண் என்று பெயர் பெற்றவர் இவர். படம் பிடிக்க வந்தவர் கடைசி வரை உடனிருந்தார். பின்னர் அவரையே மணந்துகொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சொல்லாவிட்டால் தோழியர் எங்களை விடமாட்டார்கள்.

இரண்டாமவர் ஹைடி ஹெட்சர். 1937இல் பெர்லினில் பிறந்தவர். தந்தையின் பட்டறையில் முறைப்படி கார் மெக்கானிக் தொழில் பயின்று, பின்பு அந்த ஓபல் கார் விற்பனை நிலையத்தைப் பல்லாண்டு தாமே நடத்தியவர். கார்ப் பந்தய வீராங்கனையும்கூட. தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு, ஸ்டின்னெஸ் சென்ற சுவட்டில் தாமும் உலகைச் சுற்றி வருவதென்று முடிவு செய்தார். அதற்கு அவர் தெரிந்தெடுத்தது 1930இல் செய்த, எட்டு சிலிண்டர் கொண்ட ஹட்ஸன் கார். "ஹூடோ" என்று அதற்குச் செல்லப் பெயர். 2014 ஜூலை 27ஆம் நாள் பெர்லினிலிருந்து புறப்பட்டபோது காருக்கு வயது 84, அவருக்கு 77.

ஹட்ஸன் என்ற பெயரில் 1957க்குப் பிறகு கார் வெளிவரவில்லை. ஆகவே உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. தேடி வரவழைக்க வேண்டும், இல்லையேல் அந்தந்த ஊர்ப் பட்டறையில் கடைந்து பொருத்த வேண்டும். அந்தக் காரில் கியர் மாற்றுவதே ஒரு வித்தை. கிளட்சை மிதித்துக் கியரை விடுவித்து, காலை எடுத்து, எஞ்சினின் வேகத்தைச் சரிசெய்து, மறுபடி மிதித்து அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். வேளை தப்பினால் பற்சக்கரங்கள் கரகரவென்று அலறும். எது சரியான வேளை என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஹெட்சர் அம்மையாரின் காது எழுபத்தேழு வயதிலும் அதைச் சொல்லியது.

வழித்துணைக்கு வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தனியாக ஓட்டிய தூரமும் நிறைய. எஞ்சினைப் பார்க்கும்போது ஒரு விரலின் ஒரு பகுதியை இழந்தார். நடுவிலே புற்றுநோய் என்று தெரிந்து, ஜெர்மனிக்குத் திரும்பி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அத்தோடு வீட்டிலிருந்துவிட்டாரா? விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடர்ந்தார். 2017 மார்ச் 12ஆம் நாள் ஏறக்குறைய 84,000 கிலோமீட்டர் ஓட்டி முடித்துப் பெர்லின் வந்து சேர்ந்தார். 2019 ஏப்ரலில் காலமானார்.

இம்மூவரின் வயதையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தோம். 22 வயது, கையில் குழந்தை. 26 வயது, மணமாகவில்லை. 77 வயது, பாட்டி. நம் ஊர்க் கணக்குப்படி இம்மூன்றில் எது ஒரு பெண் புறப்படுவதற்கு ஏற்ற வயது? மணமாகாதவளிடம் "கலியாணம் ஆகட்டும், பிறகு உன் வீட்டுக்காரரோடு போ" என்கிறோம். குழந்தைக்காரியிடம் "பிள்ளைகள் தலையெடுக்கட்டும்" என்கிறோம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு "இந்த வயசிலே உனக்கு எதற்கம்மா இது?" என்கிறோம். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று அன்பையும் கூட்டினால் ஓர் ஆயுள் முழுவதும் கழிந்துவிடுகிறது. இதை எங்கள் பெற்றோர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

மறுதரப்பின் பேச்சையும் கேட்பதே முறை. பழைய கார் பெட்ரோலைக் குடிக்கும், புகையைக் கக்கும். படைப்பைப் பேணுவதைப் பற்றிப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் சுற்றுமடல் எழுதினாரே, அதைப் படித்த நீங்கள் இதைப் பாராட்டலாமா என்று அருட்சகோதரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பணமும் ஏராளம் வேண்டும். ஏழைப் பெண்ணொருத்திக்கு இப்படி ஒரு பயணம் கனவிலும் கூடாது. ஆகவே ஊரெல்லாம் பழைய கார் ஓட வேண்டும் என்பது எங்கள் கட்சியன்று. வெறும் பகட்டுக்காகப் பழைய காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிப் படமெடுத்துக் கொள்வோரையும் நாங்கள் தாங்கிப் பேசவில்லை.

நாங்கள் சொல்வது வேறு. பழைய கார் ஓட்டுநரைச் சும்மா உட்கார விடுவதில்லை. அதை நம்பிப் புறப்படுகிறவள் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தே தீர வேண்டும். நம் வீடுகளில் வண்டியோ, மிக்சியோ, தண்ணீர் மோட்டாரோ, எது நின்றாலும் "அப்பா வரட்டும்", "தம்பியைக் கூப்பிடு" என்பதே நம் வாயில் முதலில் வருகிறது. தம்பி ஆறாம் வகுப்புப் படிப்பவனாக இருந்தாலும் சரி! அவனுக்குத் தெரியும் என்பதற்காகவா அவனைக் கூப்பிடுகிறோம்? தொட்டுப் பார்க்க அவனுக்குத் தயக்கமில்லை, நமக்கு இருக்கிறது, அவ்வளவே.

இக்காலக் காரில் எல்லாம் கம்ப்யூட்டர் மயம், பானெட்டைத் திறந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, கற்று என்ன பயன் என்று ஒரு தோழியின் தந்தை கேட்டார். பஞ்சர் இன்றும் பஞ்சர்தான். மின்சாரக் காருக்கும் டயர் உண்டு. ஸ்கூட்டர் ஓட்டிக் கல்லூரிக்குப் போகப் போகிற பெண், நடுவழியில் வண்டி நின்றால், முன்பின் தெரியாத ஒருவர் வந்து உதவும்வரை இருட்டில் காத்து நிற்பது நல்லதா? பதினைந்து நிமிடத்தில் தானே பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டு வீடு வருவது நல்லதா? பெண் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிற பெற்றோர்தாம் இதை முதலில் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

"தையல் வகுப்பு போதாதா?" என்றும் கேட்கலாம். தையலை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கண்டுபிடித்த மோட்டார் வண்டியில் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டிப் போனார். மோட்டார் காரின் முதல் நெடும்பயணம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது அதைத்தான். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது அவர் தம் தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். கம்பியின் மேலுறை தேய்ந்தபோது காலுறை கட்டும் நாடாவைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு சக்கிலியர் கடையில் நிறுத்தித் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். ஊசியும் நாடாவும் அறிந்த கைதான் அன்று அந்த வண்டியை ஊர் சேர்த்தது.

ஆகவே தலைமை அருட்சகோதரிக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் எங்கள் விண்ணப்பம் இது. கைத்தொழில் வகுப்பில் ஊசிப் பெட்டியோடு ஒரு கருவிப் பெட்டியும் இருக்கட்டும். ஒரு ஜாக்கி, சக்கரம் கழற்றும் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், திருப்புளி, குறடு, டயரில் காற்றளவு பார்க்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் பசையும் ரப்பரும், இவ்வளவுதான். பள்ளி வேன் சனிக்கிழமை முற்பகலில் சும்மாதான் நிற்கிறது. ஓட்டுநர் அண்ணனைக் கேட்டோம். சிஸ்டர் சம்மதித்தால் மாதம் ஒருமுறை சக்கரம் கழற்றி மாட்டக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சீருடை பாழாகும் என்று அஞ்சும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பாவாடை சட்டை கொண்டுவந்து மாற்றிக்கொள்கிறோம். கையில் படிந்த கிரீஸுக்கு முதலில் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் போய்விடும் என்றும் அண்ணன் சொல்லிவிட்டார்.